இரண்டு மணிக்கொருமுறை

அத்தை பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். அலாரம் என் போனில் மட்டும் அடிக்கும். "நீ செஞ்சாதான் அம்மாவுக்குப் பிடிக்குது" என்பார் கணவர். அத்தையிடம் யாரும் கேட்டதில்லை.

பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் மகன், மகள், பேரன், பேத்தியைப் பிள்ளைகள் என்கிறது. மருமகள் அதில் இல்லை. படித்தபோது சிரிப்புத்தான் வந்தது.

'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் மாத்திரை கொண்டுவரும் அக்கா போன மாதம் அத்தைக்கு பிரஷர் பார்த்துவிட்டு, "நீங்களும் கையை நீட்டுங்க" என்றார். அத்தைக்கு 130/80. எனக்கு 160/100.

அன்றிரவு கணவரின் போனில் அலாரம் வைத்தேன். அடித்தது, அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். இருட்டில் அத்தை குழறிக் குழறி மகனைக் கூப்பிட்டார். நான் அசையவில்லை. மூன்றாம் முறை எழுந்து போனவர், எந்தப் பக்கம் திருப்புவது என்று என்னைக் கேட்டார்.