சர்க்கரை மலைச் சாரலில்

அமெரிக்காவுக்குப் போய் வந்த நம்மவர்களைக் கேட்டால் நியூயார்க்கின் ஆகாசமளாவிய கட்டடங்களைப் பற்றிச் சொல்லுவார்கள். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றிச் சொல்லுவார்கள். மெயின் ராஜ்யத்தைப் பற்றி யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், கானடாவின் விலாவை இடித்துக்கொண்டு கிடக்கும் பிரதேசம் அது. நிலப்பரப்பில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு காடு. மீதிப் பங்கில் மனிதர்கள் வசிக்கிறார்கள். குளிர்காலத்தில் அந்த மீதிப் பங்கும் பனியின் கீழே போய்விடுகிறது.

பிப்ரவரி மாதத்தில் அங்கே பிரயாணம் செய்வதாக நாம் சொன்னபோது நண்பர்கள் நம்முடைய புத்தி ஸ்வாதீனத்தைப் பற்றிச் சந்தேகம் தெரிவித்தார்கள். ஆனால் நாம் பார்க்க விரும்பிய காட்சிக்கு அதுவே தகுந்த பருவம். பனிச்சறுக்குப் பந்தயம் என்ற விலையுயர்ந்த விளையாட்டில் காட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் எப்படி முன்னுக்கு வருகிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கப்படும் உபகாரச் சம்பளம் எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதை நேரில் அறிந்து வரவே நாம் போனோம்.

ராஜபாட்டை பார்மிங்டன் என்னும் சிற்றூரிலிருந்து வடக்கே போகிறது. காதுக்கு உறை போட்டுக் குளிரைத் தடுக்கும் உபாயம் பிறந்த ஊர் இதுதான். செஸ்டர் கிரீன்வுட் என்ற பையனுக்கு 1873-ல் வயது பதினைந்து. பனிக்கட்டியின் மேல் சறுக்கி விளையாடப் போனால் காது குளிரில் விறைத்துப்போகிறது. கம்பியை இரண்டு வளையங்களாக வளைத்துக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் கொடுத்தான். பாட்டி அதில் மென்மயிர்த் தோலை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். பிறகு அந்தப் பையன் தொழிற்சாலை வைத்துத் தனவந்தனானான். இன்றும் டிசம்பர் மாதத்து முதல் சனிக்கிழமையன்று அவன் பெயரால் ஊர்வலம் நடக்கிறது. அந்தக் காதுறையின் அருமையை வண்டியிலிருந்து இறங்கிய இரண்டு நிமிஷத்துக்குள் நாம் உணர்ந்தோம்.

மேலும் வடக்கே சென்றால் கிங்பீல்டு. நீராவி மோட்டார் கட்டிய ஸ்டான்லி என்ற இரட்டைச் சகோதரர்கள் 1849-ல் பிறந்த ஊர். நம்முடைய டார்ஜீலிங் ரயிலைப்போலவே இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஒரு பொம்மை ரயில் இங்கே மரம் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது. 1935-ல் அதன் ஓட்டம் நின்றது. இந்த ஊரில் ஆமாஸ் விண்டர் என்பவர் மளிகைக் கடை வைத்திருந்தார். விண்டர் என்றால் குளிர்காலம் என்றுதான் அர்த்தம். பெயருக்கேற்ற மனிதர்! ஊர்ப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு பக்கத்திலுள்ள பிகிலோ மலையில் சறுக்கி விளையாடுவது அவருடைய வழக்கம். 1950-ஐ ஒட்டி ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியதில் பிளாக்ஸ்டாப் என்னும் கிராமமே நீரில் மூழ்கிற்று. அந்த மலைக்குப் போகும் வழியும் அடைபட்டது. மளிகைக் கடைக்காரர் சளைக்கவில்லை. கோடாலியும் ரம்பமுமாகப் பையன்களுடன் ஷுகர்லோப் மலையில் ஏறி, மரங்களை வெட்டி, முதல் சறுக்குப் பாதையை உண்டாக்கினார்.

பழைய நாளில் சர்க்கரையைக் கூம்பாக வார்த்து விற்பார்களே, அந்த உருவத்தில் இருப்பதால் மலைக்கு ஷுகர்லோப் என்று பெயர். உயரம் 4,237 அடி. நீலகிரியைப் பார்த்த கண்ணுக்கு இது பெரிதல்ல. ஆனால் உச்சியில் மரம் முளைப்பதில்லை; காற்று வீசும் வேகத்தில் நிற்பதற்கே ஒருவித வைராக்கியம் வேண்டும். 1955-ல் கம்பெனி ஏற்பட்டது, மேலே இழுத்துச் செல்லும் யந்திரங்கள் வந்தன, ஹோட்டல்கள் வந்தன. இன்று மலை மிச்சிகன் ராஜ்யத்திலுள்ள பாய்ன் கம்பெனியின் வசத்தில் இருக்கிறது. பருவத்தின் உச்சத்தில் ஒரு நாள் சறுக்குவதற்குச் சீட்டு 100 டாலருக்கு மேல். கிராமத்தார் கோடாலி பிடித்து வெட்டிய மலையில் கிராமத்தார் பிள்ளைகள் சறுக்குவதற்கு இன்று பணத்தை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சனி ஞாயிறுகளில் பாஸ்டன் பக்கத்திலிருந்து மோட்டார்கள் சாரிசாரியாக வருகின்றன. இரவெல்லாம் நீரையும் அமுக்கிய காற்றையும் பீச்சிச் செயற்கைப் பனி உண்டாக்குகிறவர்களும், யந்திர நாற்காலியில் ஜனங்களை ஏற்றிவிடுகிறவர்களும் உள்ளூர்க்காரர்கள்.

மலையடிவாரத்தில் காரபாஸெட் பள்ளத்தாக்குப் பள்ளி இருக்கிறது. ஸ்தாபிதம் 1982. இங்கே வித்தியார்த்திகள் குளிர்காலத்தில் காலைப்பொழுதை மலையிலும் பிற்பகலைப் புத்தகங்களுடனும் கழிக்கிறார்கள். அரைநாள் சறுக்கி அரைநாள் படித்தால் உருப்படுமா என்று நம் ஊர்ப் பெற்றோர் கேட்பார்கள். நமக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் பந்தயப் பயிற்சியைப் பத்து நிமிஷம் பார்த்த பிறகு, இதுவும் கணக்குப் பாடத்துக்குக் குறைந்த படிப்பல்ல என்று தோன்றியது.

சரிவில் வரிசையாகக் கம்பங்களை நட்டிருக்கிறார்கள். அவற்றை இப்பக்கமும் அப்பக்கமுமாகச் சுற்றிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். கம்பங்கள் நெருக்கமாக இருந்தால் ஸ்லாலம். சற்று விலகியிருந்தால் ஜயண்ட் ஸ்லாலம். இன்னும் விலகினால் சூப்பர் ஜி. நேரே இறங்கும் ஓட்டத்துக்கு டவுன்ஹில். ஒரு கம்பத்தைத் தவறவிட்டால் பந்தயம் போயிற்று. காலத்தை ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குவரை கணக்கிடுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி நம் கண்ணெதிரே அம்பு போல் இறங்கி வந்து, காலமானியைப் பார்த்து, ஏதோ வீடு பற்றி எரிந்துவிட்டது போல் முகத்தைச் சுளித்தாள். அவள் முந்திய தடவையைவிட எட்டுப் பங்கு பின்தங்கிவிட்டாளாம்; அதாவது ஒரு விநாடியில் நூறில் எட்டு!

இதற்கு ஆகும் செலவைத்தான் நாம் விசாரித்தோம். ஸ்லாலத்துக்கு ஒரு ஜோடிப் பனிப்பலகை, ஜயண்டுக்கு ஒரு ஜோடி, சூப்பர் ஜிக்கு வேறொரு ஜோடி. பயிற்சிக்குத் தனி, பந்தயத்துக்குத் தனி. பிள்ளை வளர்ந்தால் பலகையும் வளர வேண்டும். எஃகு விளிம்பைத் தீட்ட வேண்டும்; அடியில் மெழுகு பூச வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் நுழைவுக் கட்டணம், பெட்ரோல், தங்குமிடம். கோடையில் பனியைத் தேடிச் சிலி தேசம்வரை போகிறவர்கள் உண்டு. இத்தகைய பள்ளிகளில் தங்கிப் படிப்பதற்கு ஆண்டொன்றுக்கு 50,000 டாலருக்கு மேலாகிறது. மரம் வெட்டுகிறவர் வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுடைய வீட்டுக் கூரையில் நான்கு மாதம் பனி கிடக்கிறது. அதன்மேல் முறையாகச் சறுக்கக் கற்றுக்கொள்வதற்குப் பட்டணத்து வக்கீலின் வருமானம் வேண்டியிருக்கிறது. உபகாரச் சம்பளத்தின் அவசியம் இங்கேதான் பிறக்கிறது.

அதன் மகிமைக்கு உதாரணமாக எல்லோரும் சொல்லும் பெயர் போட் மில்லர். பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில் பிராங்கோனியா என்ற ஊரை அடுத்த காட்டில் வளர்ந்தவர், பிறந்தது 1977-ல். பெற்றோர் கட்டிய மரவீட்டில் மின்சாரம் கிடையாது. குழாய்த் தண்ணீரும் கிடையாது. சில வருஷம் தாயாரே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைக்குக் கிடைத்த பெரும் பாக்கியம், கானன் மலை பக்கத்தில் இருந்ததுதான். அது அந்த ராஜ்யத்துச் சர்க்காருக்குச் சொந்தமான மலை. வட அமெரிக்காவிலேயே முதன்முதலாகத் தொங்கு வண்டி ஓடியது, 1938-ல், அங்கேதான். பையன் நாள் முழுவதும் அங்கேயே கிடந்து, யாரும் கற்பிக்காத ஒரு தினுசில் சறுக்கப் பழகினான். உடம்பைப் பின்னால் சாய்த்து, கையை வீசி, விழப்போகிறவன் விழாமல் இறங்குகிற மாதிரி! பார்த்தவர்கள் தலையிலடித்துக் கொண்டார்கள். ஆனால் காலமானி அழகைப் பார்ப்பதில்லை அல்லவா?

காரபாஸெட் பள்ளியில் படிக்க அவனுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. பிற்பாடு நடந்ததைத் தேசமே அறியும். 1998 முதல் 2014 வரை ஐந்து ஒலிம்பிக் விழாக்களில் கலந்துகொண்டார். ஆறு பதக்கங்கள் பெற்றார். 2010-ல் வான்கூவரில் தங்கம். உலகக் கோப்பையின் ஒட்டுமொத்த முதல் ஸ்தானத்தை 2005-லும் 2008-லும் அடைந்தார். இடையே 2006-ல் ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பி, தேசமெங்கும் ஏச்சும் பெற்றார். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. பார்மிங்டன் பக்கத்துப் பையன் ஸெத் வெஸ்காட்டும் இதே பள்ளியில் படித்தவர். ஒற்றைப் பலகைப் பந்தயத்தில் 2006-லும் 2010-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

நிற்க. ஒரு மில்லரையும் ஒரு வெஸ்காட்டையும் காட்டி எல்லாம் சரியாயிருக்கிறது என்று சொல்லிவிடலாமா? வழியில் ஒரு போஜன சாலையில் நம் மேஜைக்கு ரொட்டி கொண்டுவந்த அம்மாளின் மகள் இத்தகைய பள்ளியொன்றில் உதவி பெற்றுப் படிக்கிறவள். அவர் கணவர் ஜே என்ற ஊரிலிருந்த காகித ஆலையில் வேலை பார்த்தவர். அந்த ஆலை 2023-ல் மூடப்பட்டது.

"சம்பளத்தில் பெரும் பகுதி தள்ளிக் கொடுத்தார்கள், ஐயா. அது தர்மவான்களின் தயவு, குறை சொல்ல மாட்டேன்" என்றார் அந்த அம்மாள். "ஆனால் வருஷா வருஷம் புதிதாக மனுப் போட வேண்டும். வரிக் கணக்கை அனுப்ப வேண்டும். வசந்த காலத்தில் தபாலைக் கண்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். குழந்தைக்குப் பதினைந்து வயது. முழங்கால் நரம்பு அறுந்துபோனால் ஒரு வருஷம் பந்தயமில்லை. அப்போது என்ன சொல்லுவார்களோ?"

"மகள் என்ன சொல்லுகிறாள்?" என்று கேட்டோம்.

"அவளிடம் நாங்கள் இதெல்லாம் சொல்லுவதில்லை. அவளுக்கும் எல்லாம் தெரியும். சென்ற வருஷம் புதுப் பலகை வேண்டாம், பழையதே ஓடும் என்றாள். ஓடவில்லை."

இந்த இரண்டு சொல்லும் நமக்கு அன்று முழுவதும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தன. பள்ளிச் சம்பளத்தைத் தள்ளிக் கொடுப்பது கதவைத் திறப்பது. உள்ளே போன பிறகு பலகைக்கும் பிரயாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வேறு கைகள் வேண்டும். இந்த உண்மையை உணர்ந்துதானோ என்னவோ, ஆஸ்திரிய தேசத்தார் டிரோல் மாகாணத்தில் ஸ்டாம்ஸ் என்னும் ஊரில் 1967-லேயே பனிச்சறுக்குக்கென ஒரு பள்ளி வைத்துப் பொதுப் பணத்தைக் கொண்டு அதை ஆதரித்து வருகிறார்கள். அமெரிக்காவில் இந்தப் பாரம் பெரும்பாலும் பெற்றோர் தலையிலும் கொடையாளிகள் தலையிலும் இருக்கிறது. மில்லரே 2005-ல் டர்ட்டில் ரிட்ஜ் என்றொரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தி இளைஞர்களின் விளையாட்டுக்கு உதவ முற்பட்டார். உதவி பெற்றவர் உதவி செய்ய முன்வருவது அழகுதான். ஆனால் காகித ஆலை மூடிய ஜில்லாவில் எத்தனை பேருக்கு அது எட்டும்?

அமெரிக்காவை மட்டும் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்கலாகாது. உலகத்தின் மிகப் பெரிய பனி மலை நம்முடையது. குல்மார்க்கில் நம் சர்க்காரின் சுற்றுலா இலாகா ஒரு பனிச்சறுக்குப் பள்ளி நடத்துகிறது. அதில் இரண்டு வார வகுப்புகளில் ஆரம்பப் பாடம் கற்கலாம். இரண்டு வாரத்துக்கும் ஒலிம்பிக்குக்கும் நடுவே இருக்கும் பத்து வருஷத்தைக் காச்மீரத்துப் பையன் எப்படிக் கடப்பது? குல்மார்க் அடிவாரத்தைச் சேர்ந்த ஆரிப் கானுக்கு 2018-ல் பணமில்லாமையால் ஒலிம்பிக் வாய்ப்பு நழுவிற்று. 2022-ல் பீஜிங்கில் பாரதத்தின் சார்பாகக் கலந்துகொண்டவர் அவர் ஒருவரே. ஜயண்ட் ஸ்லாலத்தில் நாற்பத்தைந்தாவது ஸ்தானம் பெற்றார். அந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அவர் எந்தப் படியிலிருந்து ஏறினார் என்பதையும் சேர்த்துக் கணக்கிடட்டும்.

திரும்பும் வழியில் பார்மிங்டனுக்கு அருகே டிட்கம் என்ற குன்றுக்குப் போனோம். குன்று என்பதற்கு மேல் சொல்ல முடியாது. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் நானூறு அடிகூட இல்லை. ஊர்ச் சறுக்குச் சங்கத்தார் லாபநோக்கமின்றி நடத்துகிறார்கள். நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தில் இப்படிப்பட்ட சிறு குன்றுகள் நூற்றுக்கணக்கில் இருந்து, பனி குறைந்தும் செலவு கூடியும் மூடப்பட்டுப் போயின. இது பிழைத்திருக்கிறது. உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போடுகிற பிள்ளைகள் மனுப் போடும் நிலைக்கு வருவது இத்தகைய இடங்களில்தான் என்பது நம்முடைய அபிப்பிராயம். இது இல்லாவிட்டால் பெரிய பள்ளியார் யாரைத் தேடுவார்கள்?

மாலை நேரம். விளக்குகளைப் போட்டிருந்தார்கள். பெற்றோரில் ஒருவர் காலமானியை வைத்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் கம்பங்களை நட்டார். மூன்றாமவர் அடுப்பில் சூப் கிண்டினார். இலையுதிர் காலத்தில் இவ்வட்டாரத்து ஊர்களில் பழைய பலகைகளை மாற்றிக்கொள்ளும் சந்தை கூடுவது வழக்கம். குழந்தைகளுக்குச் சிறுத்துப்போனதைக் கொடுத்துப் பெரியதை வாங்கிப் போவார்கள். சுவரோரம் சாத்தியிருந்த ஒரு ஜோடியை எடுத்துப் பார்த்தோம். மேலே ஒட்டுக் காகிதத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது. அதன் கீழே அடித்துவிட்ட இன்னொரு பெயர். அதற்கும் கீழே, பாதி உரிந்த நிலையில், மூன்றாவதாக ஒன்று. நாம் அதைப் படிக்க முயன்றுகொண்டிருக்கையில் சிவந்த மூக்கோடு ஒரு சிறுவன் ஓடிவந்து, அது தன்னுடையது என்று சொல்லி வாங்கிக்கொண்டு சரிவின் பக்கம் போனான்.