பேயின் பூர்வீகம்

ரத்தம் குடிக்கும் பேய் எப்படிப் பிறக்கிறது? பிராம் ஸ்டோக்கர் 1897ல் எழுதிய ‘டிராகுலா’வில் பதில் சுலபம். கடிபட்டவர் செத்துப்போய், கடிப்பவராக எழுந்து வருகிறார். கிட்டத்தட்ட ஒரு தொற்றுநோய். ஆனால் முதல் பேயைக் கடித்தது யார்? ஸ்டோக்கர் அதை ஜாடையாகச் சொல்லி நழுவிவிடுகிறார். பின்னால் வந்தவர்கள் விடவில்லை. ஆன் ரைஸ் 1988ல் வெளிவந்த நாவலில் பழைய எகிப்தின் ராணி ஒருத்தியிடம் பேய்களின் வம்சத்தைத் தொடங்கிவைத்தார். கப்போலா 1992ல் எடுத்த படத்திலோ, மனைவியைப் பறிகொடுத்த வீரன் கடவுளைத் தூற்றிவிட்டுப் பேயாகிறான்.

கொல்கத்தாவின் காலேஜ் தெருவில் விற்கும் வங்காளிப் பேய்க் கதைகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே பல் முக்கியமில்லை, சாவுதான் முக்கியம். யார் செத்தார், எப்படிச் செத்தார், என்ன ஆசை நிறைவேறாமல் செத்தார் என்பதை வைத்துத்தான் பேய்கள் இனம் பிரிக்கப்படுகின்றன. பிராமணர் செத்தால் பிரம்மதைத்யன். கல்யாணமாகாமல் செத்தவள் பெத்னி. சுமங்கலியாகச் செத்தவள் சங்கு வளையோடு அலைகிறாள்; மறுபடி குடும்பம் நடத்தும் ஆசையில், உயிரோடிருக்கும் மனைவிகளின் உடம்பில் புகுந்துகொள்கிறாள். தலை வெட்டுப்பட்டவன் ஸ்கந்தகாட்டா, அதாவது முண்டப் பேய். 1854ல் ஹௌராவிலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, தண்டவாளத்தில் தலை போனவர்களும் இந்த இனத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

டிராகுலாவும் வங்காளத்துக்கு வராமல் இல்லை. ஹேமேந்திர குமார் ராய் அதைத் தழுவி ஒரு நாவலே எழுதினார். ஆனால் ‘வாம்பயர்’ என்ற பட்டம் இந்தியப் பேய் ஒன்றுக்கு அதற்கும் வெகு முன்பே கிடைத்திருந்தது. ரிச்சர்ட் பர்ட்டன் 1870ல் விக்கிரமாதித்தன் கதையை ஆங்கிலத்தில் எழுதியபோது, முருங்கை மரத்து வேதாளத்தை வாம்பயர் ஆக்கினார்.

இந்தப் பட்டம் வேதாளத்துக்குப் பொருந்துமா? ஈஸ்வர சந்திர வித்யாசாகர் 1847ல் ஃபோர்ட் வில்லியம் கல்லூரி மாணவர்களுக்காக இதே கதைகளை வங்காளியில் எழுதினார். அவர் மூலமாகக் கொண்ட இந்தி நூலில் வேதாளத்தின் பூர்வீகம் இருக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று பேர் பிறக்கிறார்கள். ஒருவன் அரசன், ஒருவன் எண்ணெய் வியாபாரி, ஒருவன் குயவர் வீட்டில் பிறந்து யோகியானவன். யோகி, எண்ணெய் வியாபாரியைக் கொன்று மரத்தில் தொங்கவிடுகிறான். அடுத்த குறி அரசன். அதைச் சொல்லி அரசனின் உயிரைக் காப்பாற்றுவதே அந்தப் பிணத்தில் இருந்து பேசும் வேதாளம்தான். அது யாரையும் கடிக்கவில்லை. சொல்லப்போனால், ஒரு கொலைக்கு அது சாட்சி. மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு வார்த்தை மாறியதும் சாட்சி குற்றவாளியாகிவிட்டது.

தமிழும் இதில் சளைத்ததல்ல. தமிழில் வழங்கும் ஒரு கதையில், சிவன் பார்வதிக்குச் சொன்ன கதைகளை ஒட்டுக்கேட்டு மனைவியிடம் சொன்ன பிராமணன்தான் சாபத்தால் வேதாளமாகிறான். கூடுதல் ஆயுதம் நாக்கே தவிர, பல் அல்ல. ஆனால் வாம்பயருக்குத் தமிழ்ச் சொல் தேடியவர்கள் ‘ரத்தக் காட்டேரி’ என்றார்கள். காட்டேரியோ பல குடும்பங்களில் படையல் வாங்கும் தெய்வம்.

வார்த்தை விஷயம்தானே என்று தள்ளிவிட முடியாது. கடியால் பிறந்த பேய் என்றால் மார்பில் முளையடித்தால் கதை முடிந்தது. அநியாயத்தால் பிறந்த பேய் என்றால் விசாரிக்க வேண்டியது உயிரோடிருப்பவர்களை. வேதாளத்தை வங்காளியில் பேசவைத்த வித்யாசாகர், 1856ல் விதவை மறுமணச் சட்டம் வருவதற்காகப் போராடியவர். கல்யாணமும் குடும்பமும்தான் பெண்ணுக்கு எல்லாம் என்று நினைத்த ஊரில், செத்த பெண்களின் ஆசையும் அதுவாகவே இருந்ததில் ஆச்சரியமில்லை. வித்யாசாகர் பேயோட்டப் போகவில்லை. உயிரோடிருந்த பெண்களுக்காகச் சட்டம் கேட்டார்.