பந்தெறியும் பிள்ளைகளும் பதைக்கும் பெற்றோரும்

கொழும்பிலிருந்து மலையேறி வரும் இருப்புப்பாதை 1924 ஆம் ஆண்டில் பதுளையை வந்தடைந்தது. அதற்கு அப்பால் அது செல்லவேயில்லை. பாதை முடிந்த இடத்தில்தான் ஊவாவின் தலைநகர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் மலைகள் காவல் நிற்க, பதுளை ஓயா வளைந்தோடும் பள்ளத்தாக்கிலே அமைந்த அழகிய பட்டணம் அது. தெமோதரையிலே புகைவண்டி ஒரு வட்டமடித்துத் தான் நின்ற நிலையத்தின் அடியிலேயே புகுந்து செல்லும் விந்தையைப் பற்றியும், 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் துங்கிந்தை நீர்வீழ்ச்சியைப் பற்றியும், 2036 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலையைப் பற்றியும் எழுதாதவர் இல்லை. ஆகையால் அவற்றை இங்கே விட்டுவிடுவோம். அந்த நாட்டிலே காண்பதற்கு மிக அரிதான ஒரு பொருளைப் பற்றி மாத்திரம் சொல்ல விரும்புகிறோம். அதுதான் சமதரை.

வாசகர்கள் நகைக்க வேண்டாம். பசறைப் பக்கமாகவோ, ஹாலி-எல, பண்டாரவளைப் பக்கமாகவோ தோட்டங்களுக்குள் நடந்து பாருங்கள். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் தேயிலை நட்டவர்கள் மனிதன் நிற்கக்கூடிய சரிவையெல்லாம், நிற்க முடியாத சரிவையுங்கூட, தேயிலையாக்கிவிட்டார்கள். எஞ்சிய சமதரையிலே தொழிற்சாலையும் கொழுந்து மடுவமும் துரை பங்களாவும் அமைந்தன. தொழிலாளரின் லயங்களோ சரிவை வெட்டிய ஒடுக்கமான படிகளிலே வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள் ஓடியாட மிஞ்சியது என்ன? பாடசாலை முற்றம், கோவில் திடல், லொறி திரும்பும் இடம்; இவ்வளவுதான்.

இருந்தும் தோட்டத்துப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இலங்கையிலே மென்பந்து கிரிக்கெட் என்பது டெனிஸ் பந்தால் ஆடும் ஆட்டம். (அமெரிக்காவிலும் மென்பந்து என்றொரு விளையாட்டுண்டு. 1887 இல் சிக்காகோ நகரத்துக் கூடமொன்றில் பிறந்த அது வேறு வகை. அங்கே பந்தெறிபவர் தோளுக்குக் கீழாகக் கையைச் சுழற்றி எறிவார். பந்தெறியும் மகளுக்கு முன்னே ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்து, மாலைதோறும் பந்து பிடித்துக் கொடுக்கும் தகப்பன்மார் அந்நாட்டில் ஏராளம்.) டெனிஸ் பந்து மலிவானது. காலுறையும் கைக்கவசமும் வேண்டியதில்லை. பட்டாலும் எலும்பு முறியாது. ஆனால் தோட்டத்துக்கென்று சில சட்டங்கள் உண்டு. நாம் சென்ற இடத்திலே, மேல்மலைக்கு அடித்தால் ஆறு ஓட்டம். கீழ்மலைக்கு அடித்தால் ஆட்டக்காரர் வெளியே! பந்து பள்ளத்தில் உருண்டு ஓடையைச் சேர்ந்துவிட்டால் அன்றைய ஆட்டமே முடிந்துவிடும் என்பதால் பெரியவர்கள் வகுத்த நியாயமாம் இது. எந்தக் கிரிக்கெட் சங்கமும் இதைவிட அறிவுள்ள சட்டமொன்றை இயற்றியதாக நமக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளைக்கும் பசறைக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றின் கோவில் திடலில் இரு பிரிவுகளுக்கிடையே ஐந்து ஓவர் ஆட்டம் நடந்தது. இளைஞர்களோடு பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் பந்து வீசினான். மெலிந்த உடல், வெறுங்கால். எட்டடி ஓடி வந்து பந்தை விடுகையில், அது துடுப்பாட்டக்காரரின் பாதத்தருகே குத்தி நின்றது.

ஆட்டத்தைப் பார்ப்பதா, அவன் பெற்றோரைப் பார்ப்பதா என்று நமக்கு மயக்கம் உண்டாயிற்று. தகப்பனார் திடலுக்கு வரவேயில்லை. சற்றுத் தள்ளி ஒரு சவுக்கு மரத்தின் பின்னே முதுகைக் காட்டி நின்றார். கூச்சலைக் காதால் கேட்டே ஆட்டத்தை அறிந்துகொண்டார். தாயார் கோவில் படியிலே அமர்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலே கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனால் கிலோக் கணக்கில் கூலி உண்டு. அதை விட்டுவிட்டு வந்திருந்தார் அந்த அம்மாள். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியை ஆயிரம் ரூபாயாக்குவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த நாட்டில், ஒருநாள் கைக்காசு என்பது இலேசான காரியமன்று.

துடுப்பாடும் பிள்ளையைப் பெற்றவளுக்குத் துன்பம் ஒரு கணந்தான்; மகன் ஆட்டமிழந்தால் அவளுடைய பதைப்பும் ஆறிவிடும். பந்து வீசும் பிள்ளையைப் பெற்றவளுக்கோ அப்படியில்லை. அடி வாங்கிய பிள்ளை அதே இடத்துக்குத் திரும்பி நடந்து, எல்லாரும் பார்த்திருக்க, மறுபடியும் அதே காரியத்தைச் செய்தாக வேண்டும். இதை நாம் நூலிற் கற்கவில்லை. அந்த முந்தானை நுனியிற் கற்றோம்.

கடைசி ஓவர் பையனிடம் வந்தது. எதிரணிக்கு ஒன்பது ஓட்டங்கள் தேவை. முதற் பந்தே மேல்மலைக்குப் பறந்தது, ஆறு! பந்தும் தேயிலைக்குள் மறைந்தது. பத்துப் பதினைந்து இளைஞர்கள் செடிகளைக் கிளறினார்கள், கிடைக்கவில்லை. அப்போது அந்தத் தாய் எழுந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நிரை பிடித்து ஏறினார். தளிரையும் முற்றலையும் கண்ணிமைக்குமுன் பிரித்தறிந்து பழகிய கண் அல்லவா? இரண்டு நிமிடத்தில் பந்தோடு இறங்கி வந்தார். மகன் கையில் அதைக் கொடுக்கையில், "நீட்டிப் போடு தம்பி, கையை நீட்டிப் போடு" என்று மாத்திரம் சொன்னார்.

அதன் பொருள் நமக்கு உடனே விளங்கவில்லை. இரண்டாம் பந்தில் விக்கெட் சரிந்தது. அவ்வளவுதான், எதிரணிப் பக்கமிருந்து ஒருவன் கூவினான்: "எறியுறான்! வீசல, எறியுறான்!" தாயின் முகம் வெளுத்துவிட்டது. மரத்தின் பின்னே நின்றவர் அப்போதுதான் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

கிரிக்கெட்டில் பந்தை வீச வேண்டும். கல்லெறிவதுபோல் முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறியலாகாது. தோட்டத்துத் திடலில் இதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. நகரத்துக்குச் சென்று கடினப் பந்து ஆடத் தொடங்கினாலோ, நடுவரின் கண் முதலிற் செல்வது முழங்கைக்குத்தான். இந்தப் பெற்றோருக்கு இது எப்படித் தெரிந்தது என்று வியக்கத் தேவையில்லை. மலையகத்திலே முரளிதரனின் கதையை அறியாத வீடு எது?

முத்தையா முரளிதரனின் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து 1920 இல் தேயிலைத் தோட்ட வேலைக்காக வந்தவர். தகப்பனார் கண்டிக்கு அருகே பிஸ்கட் தொழில் நடத்தினார். வேகப்பந்து வீசிவந்த மகனைப் பதினான்காம் வயதில் சுழற்பந்துக்கு மாற்றினார் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் பயிற்சியாளர். 1995 டிசம்பர் 26 ஆம் தேதி மெல்போர்ன் மைதானத்திலே, ஆயிரமாயிரம் பேர் முன்னிலையில், நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களில் ஏழு முறை அவர் எறிவதாகக் குற்றங் கண்டார். மறு ஆண்டிலே ஆஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழகங்கள் சோதித்துப் பார்த்து, அவரது கை பிறவியிலேயே முழுவதும் நிமிராத கை என்பதை எடுத்துரைத்தன. பின்னர் சர்வதேசச் சங்கம் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் பதினைந்து பாகை வரை முழங்கை நிமிரலாம் என்று விதித்தது. 2010 ஜூலையில் காலியிலே 800 ஆவது விக்கெட்டுடன் அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டியின் நடராஜன் கதையும் இதற்கு அண்மையானதே. தறித் தொழிலாளியின் மகன். தாயார் தெருவோரத்தில் கோழிக்கறி விற்றவர். இருபது வயது வரையிலே டெனிஸ் பந்துதான் அவருக்குத் தெரியும். 2015 இல் தமிழ்நாட்டு அணிக்கு வந்தவுடனே அவர் கையைப் பற்றியும் ஐயம் எழுந்தது. வீசும் முறையைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்து, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனிலே இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட்டம் ஆடினார். அந்த இடைக்காலத்தில் கோழிக்கறிக் கடையிலே அந்தத் தாய் என்ன நினைத்தாரோ, யாரறிவார்!

திடலுக்குத் திரும்புவோம். மூன்றாம் பந்தில் ஓட்டமில்லை, நான்காவதில் ஒன்று, ஐந்தாவதும் வீணாயிற்று. கடைசிப் பந்துக்கு இரண்டு ஓட்டம் வேண்டும். பையன் அருமையாகத்தான் வீசினான். துடுப்பின் விளிம்பிலே பட்டுக் கோவில் பின்புறமாகப் பந்து ஓடியது, நான்கு ஓட்டங்கள். தோல்வி. பையன் அங்கேயே குந்திவிட்டான். தாய் அவனிடம் செல்லவில்லை. பார்க்க வந்திருந்த பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் நேரே சென்றார்.

"சேர், கை நேராத்தான் இருக்குதா? உள்ளதைச் சொல்லுங்க."

"நேராத்தான் இருக்கு அம்மா. களைச்சா கொஞ்சம் மடங்குது. பழக்கினா சரியாயிரும். சனிக்கிழமையில பதுளைக்கு அனுப்புங்க. கடினப் பந்து பழகட்டும்."

இதைக் கேட்டுத் தாய் மகிழ்ந்தாரென்று எழுத ஆசைதான். ஆனால் கவலை இன்னும் கூடியதையே கண்டோம். சனிக்கிழமை பஸ் காசு, சப்பாத்து, வெள்ளை உடை, தோல் பந்து. இவற்றோடு அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை. தோட்டத்திலே பிறந்த பிள்ளை மலையைவிட்டு இறங்க உறுதியான வழி பரீட்சை ஒன்றே என்பது பெற்றோர் எல்லாரும் அறிந்தது. விளையாட்டும் வழிதான், ஆயினும் அந்த வழியிலே போய்ச் சேர்ந்தவரைப் பேர் சொல்லி எண்ணிவிடலாம். மடுவத்துப் பக்கம் நடந்துகொண்டே கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் வாதாடினார்கள்.

"கணக்குல அம்பது கூட வாங்கலங்க அவன். இதுல பந்து வேறயா?"

"கணக்கு எனக்கும் வரல. பந்தும் வரல. அவனுக்கு ஒண்ணாச்சும் வருதே."

"கை ஒடிஞ்சா?"

அதற்கு அவர் விடை கூறவில்லை.

மறுநாட் காலை நாம் அவ்வழியே இறங்கி வந்தோம். பெரட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். படங்கு கட்டிய பெண்கள் கூடையுடன் மலையேறினார்கள். லயத்துக்கு முன்னே லொறிப் பாதையில் அந்தத் தகப்பனார் தனியாக அடி வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு யார் தூரத்தை அளந்து, இரு முனையிலும் சுண்ணாம்பால் கோடிட்டார். சரிவுப் பக்கத்திலே பந்து உருண்டுவிடாதபடி, பழைய தகரத் துண்டொன்று சாத்தப்பட்டிருந்தது. அதைப் பிடித்துக் கட்டிய கயிறு, கொழுந்துக் கூடையின் பழைய தலைக்கயிறு. "அவங்கதான் குடுத்தாங்க" என்றார் நம்மைக் கண்டு, மலைப்பக்கம் தலையை அசைத்து.