1944 என்றொரு பாட்டு

யூரோவிஷன் பாட்டுப்போட்டி என்றால் மினுங்கும் உடுப்பும் வாணவேடிக்கையும்தான் என்று நினைப்பவர்கள் 2016ஆம் ஆண்டுப் போட்டியைத் தேடிப் பாருங்கள்.

ஸ்டொக்ஹோமில் 42 நாடுகள் பாடின. உக்ரைன் அனுப்பியது ஜமாலாவை. கிரிமியத் தாத்தாரியர் என்ற சிறிய முஸ்லிம் சமூகத்தின் மகள் அவர். பாட்டின் பெயர் '1944'. அந்த வருடம் மே மாதம் ஸ்டாலினின் ஆணைப்படி அந்தச் சமூகத்தின் ஏறத்தாழ 2 இலட்சம் பேரைச் சில நாட்களுக்குள் ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பினார்கள். ஜமாலாவின் பூட்டியும் அதில் ஒருவர். ஜமாலா பிறந்ததே கிர்கிஸ்தானில்தான்.

அரசியல் பாட்டுக்கு அங்கே இடமில்லை. ரஷ்யாவில் எதிர்ப்புக் கிளம்பியது. ஏற்பாட்டாளர்கள் பாட்டில் அரசியல் இல்லை என்று அனுமதித்தார்கள். நடுவர்களின் முதலிடம் அவுஸ்திரேலியாவுக்கு, பார்வையாளர்களின் முதலிடம் ரஷ்யாவுக்கு. இரண்டிலும் இரண்டாவதாக வந்த உக்ரைன் 534 புள்ளிகளோடு வென்றது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். புத்தளத்தில் வளர்ந்தோம். எங்களைத் தொட்டது அந்த வெற்றியல்ல. பாட்டின் ஒரு பகுதி தாத்தார் மொழியில் இருந்தது. நாட்டில் பெரும்பாலானோருக்கு விளங்காத மொழி, பெரும்பாலானோர் படாத காயம். அதை ஒரு நாடு தன் பாட்டு என்று உலகத்துக்கு முன்னால் வைத்தது.

எங்கள் பிள்ளை ஒன்று '1990' என்று பாட வேண்டும். யாழ்ப்பாணத்து மேடை ஒன்று அதைத் தன்னுடைய பாட்டு என்று அறிவிக்க வேண்டும்.

நண்பர்களே, உங்களில் பாட்டு எழுதுபவர்கள் யாரும் இருக்கிறீர்களா?