சிவப்பைக் கண்டு மிரண்டேன்!

மகளின் பிரசவத்துக்காக மெக்ஸிகோவின் குவாதலஹாரா நகருக்குப் போயிருந்தேன். குழந்தை பிறந்த 10-ஆம் நாள், பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு சட்டி நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு கொண்டு வந்தார். 'பிர்ரியா' என்று பெயராம். அந்த ஹலிஸ்கோ மாநிலத்தில் கல்யாண விருந்தென்றால் இதுதான். ரத்தச் சிவப்பாக இருந்ததைப் பார்த்து, "பிள்ளை பெற்றவளுக்கு இத்தனை காரமா? ஆகவே ஆகாது!" என்று அவர் எதிரிலேயே மூடி வைத்துவிட்டேன். பாவம், அவர் முகம் வாடிப்போயிற்று.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுவாரம் அவர் சமையலறைக்கே போய் நின்றேன். எலும்போடு 1 கிலோ கறிக்கு, விரல் நீளத்தில் 8 'குவாஹியோ' வற்றல்! விதையைத் தட்டிவிட்டு, வாசனை வரும் வரைதான் வாட்டினார். கருகினால் கசந்துவிடும் என்று சைகை காட்டினார். வெந்நீரில் ஊறவைத்து, பூண்டு, சீரகம், கிராம்பு, கொஞ்சம் வினிகர், உப்பு சேர்த்து அரைத்தார். கறியில் அதைப் பிசறி ஊறவைத்து, தண்ணீர் விட்டு, சிறு தீயில் 3 மணி நேரம். வெந்த கறியை நார் நாராகப் பிய்த்துக் குழம்பில் போட்டு, வெங்காயம், கொத்தமல்லி தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சோள ரொட்டியோடு கொடுத்தார். வாயில் வைத்தால், நம் வற்றலில் பாதிக் காரம்கூட இல்லை. அத்தனையும் நிறம்தான்!

நம் மிளகாய்க்கே பூர்வீகம் அந்தப் பக்கம்தானே! 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் நம்மிடம் வந்தது. அதன் குணம் அவர்களுக்குத் தெரியாதா?

அன்றிரவு மகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த ஞாயிறு நானே பிர்ரியா செய்து, அவர் சட்டியை நிரப்பித் திருப்பிக் கொடுத்தேன். வெறும் பாத்திரமாகத் தரலாமா?