ஏப்ரல் 3 சைஸ் பனியன்

குழந்தைகள் பனியனில் சைஸ் என்பது வயதுதான். 2-3, 3-4, 4-5 என்று கழுத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர், திருப்பூரில் எல்லோருக்கும் புரியும். கம்ப்யூட்டருக்குத்தான் புரிவதில்லை.

மண்ணரையில் ஒரு சின்ன பேக்கிங் யூனிட். அங்கே கணக்கு பார்க்கும் பெண்ணிடம் ஓனர் ஸ்டிக்கர் ரோலை நீட்டினார். "ஏனம்மிணி, ஏப்ரல் மூணுன்னு ஒரு சைஸ் இருக்குதா?"

3-4 இருக்கவேண்டிய இடத்தில் '03-ஏப்ரல்'. 4-5க்கு '04-மே'. ரோல் காசைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று அவருக்குப் பதறியது. "நானு அப்படி அடிக்கலீங்கண்ணா" என்றார்.

அவர் அடிக்கவில்லைதான். யூனிட்டில் இருப்பது காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ். ஆர்டர் கொடுத்த எக்ஸ்போர்ட் ஆபீஸில் எக்ஸெல். இவர் அனுப்பிய ஓடிஎஸ் ஃபைல் அங்கே சரியாக வரவில்லை என்றார்கள். எதிலும் திறக்குமே என்று சிஎஸ்வியாக மாற்றி அனுப்பினார். சிஎஸ்வியில் வெறும் எழுத்தும் கமாவும்தான் போகும். இது வயது, இது தேதி என்ற குறிப்பு போகாது. டபுள் கிளிக் செய்ததும் எக்ஸெல் தானாக யூகித்துக்கொண்டது: நடுவில் கோடு போட்ட இரண்டு எண்ணா, அப்படியானால் தேதி!

பிறகு அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் 3-4 திரும்பாது. 2025 ஏப்ரல் 3 என்றால் 45750 என்று நிற்கும். 1900 ஜனவரி 1-ஐ முதல் நாளாக வைத்து எக்ஸெல் எண்ணும் நாள் கணக்கு அது. 890-ல் தொடங்கும் 13 இலக்க பார்கோடும் '8.9இ+12' என்று சுருங்கும். அதை மறுபடி சிஎஸ்வியாக சேவ் செய்தால் மிச்ச இலக்கங்கள் போயே போச்சு.

பெரிய படிப்பு படித்தவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். மார்ச், செப்ட் என்று தொடங்கும் ஜீன் பெயர்களை எக்ஸெல் தேதியாக்குவதைப் பொறுக்கமாட்டாமல், 2020-ல் அந்த ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். குழந்தையின் வயதை மாற்ற முடியுமா?

அந்தப் பெண் தன் பழைய ஃபைலைத் திறந்து காட்டினார். 3-4 அப்படியே இருந்தது. ஓனர் உடனே எக்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் போன் போட்டார்.

இப்போது அவர் சிஎஸ்வி பக்கமே போவதில்லை. லிப்ரே ஆபீஸிலேயே 'சேவ் அஸ்' கொடுத்து, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக்குகிறார். சைஸ், பார்கோடு பத்திகளை முதலிலேயே டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டுத்தான் டைப் அடிக்கிறார். சிஎஸ்விதான் வேண்டும் என்று கேட்பவர்களிடம், "டபுள் கிளிக் பண்ணாதீங்க, டேட்டா மெனு வழியாத் திறங்க" என்று மெயிலிலேயே எழுதிவிடுகிறார். ரோல் காசு யார் தலையில் என்பது மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது.