உபயதாரர் இல்லாத மனு

திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வாசலிலேயே போலீஸார் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு குடும்பம் இந்த வளாகத்தில் தீக்குளித்தது. மனு கொடுக்க வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்தச் சோதனை இன்னும் தொடர்கிறது.

மர நிழலில் இடம் கிடைத்த ஒரு பெண், இடது முட்டியில் காலிப்பரின் பூட்டைத் தட்டி விடுகிறார். கால் 'டக்'கென்று மடங்குகிறது. உட்கார்ந்ததும் மடியில் பட்டன் ஃபைல். ஏதோ ஒரு தொண்டு அமைப்பின் களப்பணியாளர் என்பது கழுத்து அட்டையில் தெரிகிறது. அருகில் முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த தாய். ஆறு வயதுப் பையனை இடுப்பில் வைத்திருக்கிறாள். அவன் கால்கள் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொள்கின்றன. அவள் பேசிக்கொண்டே பிரித்துவிடுகிறாள், அவை திரும்பவும் பின்னிக்கொள்கின்றன.

"ரெண்டு நாளா பீடி சுத்தலக்கா. இன்னிக்கும் போச்சி."

"ஏளா, இன்னிக்கு விட்டா அடுத்த திங்கக்கிழமதான். அது பரவால்லயா?"

ஃபைலைப் புரட்டுகிறார். ரேஷன் கார்டு, மருத்துவச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். பாஸ்போர்ட் அளவு படத்தில் பையன் நேராகப் பார்க்கிறான். தாடைக்குக் கீழே ஒரு விரல் நுனி தெரிகிறது. தலை நிற்காத பிள்ளையைப் படத்துக்காகத் தாய் தாங்கிப் பிடித்த விரல். ஸ்டுடியோக்காரர் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார். புகையிலைக் கறை கூடத் தெரிகிறது.

ஆதாரில்தான் சிக்கல். பிள்ளையின் விரல் விரியவில்லை, ரேகை விழவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ரேகை எடுக்க முடியாதவங்களுக்கு விதிவிலக்கு போட்டே பதியலாம். அவங்க விதியிலயே இருக்கு," என்று ஒரு தாளை எடுத்துக் காட்டுகிறார் அந்த அக்கா. "மிஷின்ல உக்காந்திருக்கவங்களுக்குத் தெரியாது. நான் கூட வாரேன்." தாய்க்கு விதி புரிந்ததோ என்னவோ, கூட வருவதாகச் சொன்னது புரிந்துவிட்டது.

நம் ஊரில் தர்மத்துக்குக் குறைவில்லை. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பெயர் நிற்கும், உபயம் இன்னார் என்று. பிறந்தநாளுக்குச் சாப்பாடு, அப்பா நினைவு நாளுக்குப் போர்வை, பெரிய கம்பெனிகள் லாபத்திலிருந்து சட்டப்படி கொடுத்தாக வேண்டிய 2 சதவீதத்தில் ஒரு வேன். சக்கர நாற்காலியின் முதுகில் பெயர் எழுத இடம் இருக்கிறது. விரல் விரியாத பிள்ளைக்காகப் போடும் மனுவின் முதுகில் யார் பெயரை எழுதுவது? மனு போடுகிறவருக்கும் பஸ் காசு வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும். அதற்கு உபயதாரர் கிடைப்பதில்லை.

கணக்கு மட்டும் வேறு மாதிரி பேசுகிறது. இந்த மனு கேட்பது, கடும் பாதிப்புள்ளவர்களுக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். இந்தப் பையனுக்குக் கிடைத்தால், 18 வயது ஆவதற்குள் 2,88,000 ரூபாய். எந்தப் பிறந்தநாள் சாப்பாடு அவ்வளவு கொடுக்கும்?

இந்தச் சீமைக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான வேலை புதிதில்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே மிஷன் பெண்கள் பள்ளி தொடங்கிவிட்டார்கள். தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் 1981இல், ஐ.நா. அறிவித்த ஊனமுற்றோர் ஆண்டில், அமர் சேவா சங்கம் பிறந்தது. தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்த பொறியியல் மாணவர். தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். பின்னால் வந்து தோள் கொடுத்த எஸ். சங்கர ராமன், தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர். நன்கொடை கேட்கப் போனவர்களே கணக்குப் புத்தகத்தையும் கையில் வைத்திருந்ததுதான் அந்தச் சங்கம் நின்றதற்குப் பாதிக் காரணம் என்பது என் எண்ணம். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ வந்தது.

பெரிய அமைப்புகளுக்குத் திரட்டும் வலு உண்டு. சிறியவற்றின் பாடு திண்டாட்டம். வெளிநாட்டு நிதிச் சட்டத்தை 2020இல் திருத்தினார்கள். அதன்பின், அந்தப் பணத்தைப் பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து தரக் கூடாது. ஊருக்குள் நடந்து திரியும் ஆட்களோ பெரும்பாலும் அந்த இன்னொரு அமைப்பில்தான் இருக்கிறார்கள்.

பெயர் கூப்பிடுகிறார்கள். காலிப்பர் மறுபடி பூட்டிக்கொள்கிறது. அக்கா முன்னால், தாய் பின்னால். அதிகாரி படத்தைப் பார்க்கிறார், பையனைப் பார்க்கிறார். "ஆதார் இல்லாம ஆன்லைன்ல ஏறாதும்மா." "தெரியும் சார். அதான் ஆதார் மையத்துக்கு ஒரு வார்த்த சொல்லச் சொல்லிக் கேக்கோம்." குரல் தாழவும் இல்லை, ஏறவும் இல்லை. அவர் மனுவின் ஓரத்தில் இரண்டு வரி எழுதி முத்திரை வைக்கச் சொல்கிறார்.

வெளியே வந்ததும், "என்ன சொல்லுதாவக்கா?" என்கிறாள் தாய்.

"எழுதித் தந்திருக்காவ. வியாழக்கெழம கூட்டிட்டு வா, மையத்துக்குப் போவோம். பீடிய மொத நாளே சுத்தி வச்சிரு."

பஸ் டிக்கெட்டை நோட்டுக்குள் செருகி, தேதி போட்டுத் தொகையை எழுதுகிறார். அதே ஃபைலின் கடைசி உறையில் இன்னொரு தாள். 2025 ஏப்ரலில் சட்டசபை நிறைவேற்றிய திருத்தத்தின்படி, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வாங்கிய விண்ணப்பத்தின் நகல். தாய் அதில் ஒட்டியிருக்கும் படத்தை அடையாளம் கண்டு அக்காவைப் பார்க்கிறாள்.

"ஆமா, எனக்குந்தான் போட்டிருக்கேன். எங்க பேரூராட்சிக்கு. உள்ள உக்காந்து கேட்டா, வாசல்ல பைய சோதிக்க மாட்டாவல்லா."

சிரித்துக்கொண்டே அடுத்த ஃபைலை எடுக்கிறார். தூத்துக்குடிப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒரு கிழவர் ஏற்கெனவே அவர் முன்னால் வந்து நிற்கிறார்.